விசையும் விரைவும்

எழுதுகோல் கொண்டு எழுதியவர்களுக்குத் திருத்தம் என்பது ஒரு கோட்டில் முடியும் வேலை. பிழைபட்ட சொல்லை அடித்துவிட்டு, அதன் தலைமேல் சரியான சொல்லை எழுதினால் போதும். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர்களுக்கோ அது விரலால் எடுத்து, விரலால் வைக்கும் வேலை. கணினித் திரையில் மையும் இல்லை, ஈயமும் இல்லை. அங்கே ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமானால், 'இந்த இடத்தில் இதைச் செய்' என்று பொறிக்குக் கட்டளை இடவேண்டும். அக்கட்டளையை எவ்வாறு இடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. மௌஸ் எனப்படும் சுட்டியை நகர்த்தி, வேண்டிய இடத்தைக் கண்ணால் கண்டு, அழுத்திக் காட்டுவது ஒன்று. கையை விசைப்பலகையை விட்டு எடுக்காமல், விசைகளாலேயே இடத்தையும் செயலையும் குறிப்பது மற்றொன்று. கடிதமோ கட்டுரையோ எழுதுவோருக்கு இவ்விரண்டில் எது வாய்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கணினிக்கு நிரல் எழுதுவோர் நிலை வேறு. அவர்கள் புதிதாக எழுதும் வரிகள் குறைவு. எழுதியதைப் படித்துத் திருத்தும் வரிகளே மிகுதி. ஒரு பெயரை மாற்றுவது, ஒரு வரியை மேலே கொண்டுபோவது, மேற்கோள் குறிக்குள் உள்ளதை நீக்கி வேறொன்று வைப்பது போன்ற சிறு செயல்களை அவர்கள் நாள் முழுதும் செய்கின்றனர். ஆகவே விசை வழித் திருத்தம் நிரலர்களிடையே ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. அக்கலை தோன்றிய வரலாற்றையும், அதன் இலக்கணத்தையும், அதனால் விளையும் பயன் எவ்வளவு என்பதையும் இனிக் காணலாம்.

திரை இல்லாக் காலம்

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பவர் 'எட்' என்னும் எடிட்டரை எழுதினார். எடிட்டர் என்பது உரையை எழுதவும் திருத்தவும் உதவும் நிரல். அக்காலத்தில் கணினியோடு பேசுவோருக்குப் பெரும்பாலும் திரை கிடையாது. தட்டச்சுப் பொறியைப் போன்ற தொலை அச்சுப் பொறியின் முன் அமர்ந்து கட்டளையை அடிப்பர். கணினியின் மறுமொழி தாளில் அச்சாகி வரும். அக்காலத்தில் பரவலாக வழங்கிய டெலிடைப் 33 என்னும் பொறி நொடிக்கு 10 எழுத்துகளையே அச்சிடும். அதில் ஒரு பக்கத்தை முழுதும் அச்சிட்டுப் பார்த்துத் திருத்துவது இயலாத காரியம். ஆகவே உரையின் வடிவம் திருத்துவோரின் மனத்தில் இருந்தது. 'ஏழாம் வரியில் இச்சொல்லை நீக்கி அச்சொல்லை வை' என்று ஓரிரு எழுத்துகளில் ஆணையிடுவர். கட்டளை தவறினால் 'எட்' விளக்கம் ஏதும் கூறாது. ஒரே ஒரு கேள்விக் குறியை மட்டும் அச்சிட்டு நின்றுவிடும்!

இலண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் இதனை ஓரளவு எளிதாக்கி, 1976இல் 'எம்' என்னும் எடிட்டரை உருவாக்கினார். 'மானிடருக்கான எடிட்டர்' என்பது அப்பெயரின் கருத்து. 'எட்' கருவியைக் கையாள வானவர்க்கே இயலும் என்னும் எள்ளல் அதனுள் அடங்கியிருந்தது. அவ்வாண்டிலேயே அவர் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, அங்கே மாணவராயிருந்த பில் ஜாய் அதனைக் கண்டார். அதிலிருந்து கிளைத்ததே 'எக்ஸ்' என்னும் எடிட்டரும், அதன் திரை வடிவமான 'வீ-ஐ' என்னும் எடிட்டரும். 1979இல் பெர்க்கிலி வெளியிட்ட யூனிக்ஸ் தொகுப்பில் 'வீ-ஐ' தன் பெயரோடு வெளிவந்தது.

வறுமை வகுத்த இலக்கணம்

'வீ-ஐ' கட்டளைகள் ஏன் ஒற்றை எழுத்தாக அமைந்தன? பில் ஜாய் தம் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 300 பிட் அளவில் இயங்கும் மோடத்தின் துணையால் கணினியோடு தொடர்பு கொண்டார். அவ்வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே வந்து சேரும். 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரையை ஒருமுறை முழுதும் நிரப்ப 64 நொடிகள் ஆகும். அந்நிலையில் ஒவ்வொரு எழுத்தும் செலவு. குறைந்த எழுத்தில் நிறைந்த பொருள் என்பது அங்கே அழகுக்காக ஏற்பட்டதன்று, தேவையால் ஏற்பட்டது.

அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் திரைப் பொறியில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மீதே இடம், கீழ், மேல், வலம் என்னும் அம்புக் குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையோ இன்றைய விசைப்பலகையில் டேப் விசை உள்ள இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி அமைந்திருந்தது. இன்று எஸ்கேப் தொலைவான மூலைக்குப் போய்விட்டது. ஆயினும் அந்தப் பழைய பொறியின் சாயல் உலகெங்கும் நிரலர்களின் விரல்களில் இன்றும் வாழ்கிறது.

ஏவலும் எழுத்தும்

'வீ-ஐ' கருவியின் உயிர்நாடி அதன் இரு நிலைகள். ஒன்று எழுதும் நிலை. அங்கே விசையை அழுத்தினால் எழுத்து தோன்றும். மற்றொன்று ஏவல் நிலை. அங்கே அதே விசை எழுத்தைத் தராது, ஒரு கட்டளையை நிறைவேற்றும். ஏவல் நிலையில் 'டி' என்றால் அழி; 'சி' என்றால் மாற்று; 'ஒய்' என்றால் படியெடு. இவை வினைகள். 'டபிள்யூ' என்றால் அடுத்த சொல் வரை. 'டாலர்' குறி என்றால் வரியின் இறுதி வரை. 'வீ-ஐ' வழிவந்த 'விம்' கருவியில் 'ஐ' எழுத்தோடு மேற்கோள் குறி சேர்ந்தால் மேற்கோளுக்குள் உள்ளது முழுவதும். இவை செயப்படுபொருள்கள். வினையையும் பொருளையும் இணைத்தால் ஒரு வாக்கியம். 'டி' 'டபிள்யூ' என்று அடித்தால் சொல் அழியும். இடையே 3 என்னும் எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் அழியும்.

இதன் சிறப்பைக் கணக்கிட்டு உணரலாம். 5 வினைகளையும் 20 பொருள்களையும் கற்றவர் 25 செய்திகளையே நினைவில் வைக்கிறார். ஆனால் அவரால் 100 வாக்கியங்களை அமைக்க முடியும். குறுக்கு விசைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு மொழியின் சில வாக்கியங்களை உருப்போடுவதற்கும் அம்மொழியின் இலக்கணத்தைக் கற்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது. மேலும் இறுதியாகச் செய்த மாற்றத்தை மீண்டும் செய்ய ஒரே ஒரு புள்ளி விசை போதும். பத்து இடங்களில் ஒரே திருத்தம் வேண்டுமாயின், முதலிடத்தில் திருத்தி, மற்ற ஒன்பது இடங்களிலும் புள்ளியை அழுத்திச் செல்லலாம்.

தமிழர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று இங்கு உண்டு. 'வீ-ஐ' இலக்கணத்தில் வினை முதலில் வரும். பொருள் பின்னே வரும். இஃது ஆங்கில ஏவலின் ஒழுங்கு. தமிழிலோ 'சொல்லை அழி' என்று பொருளை முதலிலும் வினையை இறுதியிலும் கூறுகிறோம். பிற்காலத்தில் தோன்றிய 'ககூன்', 'ஹீலிக்ஸ்' என்னும் எடிட்டர்கள் தமிழின் ஒழுங்கையே ஒத்துள்ளன. அவற்றில் முதலில் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது திரையில் நிறம் மாறித் தோன்றும். பின்னரே வினையை இடவேண்டும். எதை அழிக்கப் போகிறோம் என்பதை அழிக்குமுன் கண்ணால் காணலாம் என்பதே இவ்வொழுங்கின் நன்மை.

'வீ-ஐ' கருவியின் வழித்தோன்றல்களுள் பெரும்புகழ் பெற்றது 'விம்'. நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலனார் அதனை 1991இல் வெளியிட்டார். அதனை விலையின்றி வழங்கிய அவர், பயன்பெற்றோர் விரும்பினால் உகாண்டா நாட்டிலுள்ள கிபாலே என்னும் இடத்துக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டிக்கொண்டார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் மறைந்தார், கருவி வாழ்கிறது.

மறுப்போர் கூறுவது

இரு நிலைகள் என்னும் அமைப்பை வன்மையாக எதிர்த்தோரும் உண்டு. அவர்களுள் முதன்மையானவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் 1970களில் பணியாற்றிய அவர், புதியவர்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டுத் தவறிழைப்பதைக் கண்டார். அந்நிலையத்தில் வழங்கிய 'பிராவோ' என்னும் எடிட்டரைப் பற்றிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. எழுதும் நிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அடித்தால், அதன் முதலெழுத்து உரை முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் எழுத்து அதனை அழிக்கும். மூன்றாம் எழுத்து எழுதும் நிலையைத் திறக்கும். நான்காம் எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் தனியே நிற்கும்!

டெஸ்லரும் டிம் மாட் என்பவரும் சேர்ந்து 'ஜிப்சி' என்னும் எடிட்டரை உருவாக்கினர். அதில் நிலை மாற்றத்துக்கு வேலையில்லை, அடித்தால் எழுத்துத்தான். வெட்டி ஒட்டும் முறையை இன்றுள்ள எளிய வடிவில் அதுவே நிலைநாட்டியது. இன்று கண்ட்ரோல் விசையோடு எக்ஸ், சி, வி ஆகியவற்றை அழுத்தி வெட்டியும் படியெடுத்தும் ஒட்டியும் வரும் யாவரும் டெஸ்லருக்குக் கடன்பட்டவரே. 'நிலைகள் வேண்டா' என்னும் முழக்கத்தைத் தம் மகிழுந்தின் எண் பலகையிலும் பொறித்து வைத்திருந்த அவர் 2020இல் மறைந்தார்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் உருவாக்கிய 'ஈமாக்ஸ்' நிலைகளை நாடவில்லை; கண்ட்ரோல் போன்ற துணை விசையோடு மற்றொரு விசையைச் சேர்த்து அழுத்தும் முறையை மேற்கொண்டது. அதில் மயக்கம் குறைவு. ஆனால் ஓயாமல் கண்ட்ரோல் விசையை அழுத்தும் சுண்டுவிரலுக்கு உழைப்பு மிகுதி.

கடிகாரம் கூறும் தீர்ப்பு

விசை விரைவா, சுட்டி விரைவா? இவ்வழக்கில் வாய்ச்சொல்லை நம்புவதைவிடக் கடிகாரத்தை நம்புவதே அறிவுடைமை. ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் டாக்னசீனி 1989இல் வியப்பான ஒரு செய்தியை எழுதினார். அங்கு நடந்த சோதனைகளில் பயன்படுத்துவோர் விசையே விரைவு என்று உறுதியாகக் கூறினர். கடிகாரமோ சுட்டியே விரைவு என்று காட்டியது. எந்த விசையை அழுத்துவது என்று எண்ணும் நேரம் எண்ணுபவர் உணர்வுக்கு எட்டாமல் கழிந்துவிடுகிறது என்று அவர் இதற்குக் காரணம் கூறினார்.

இது மெய்தானா என்பதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. கார்ட், மொரான், நியூவெல் ஆகிய மூவரும் 1980இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். அதையும் அதன் பிற்கால விரிவையும் ஒட்டி, தேர்ந்த தட்டச்சர் ஒரு விசையை அழுத்த 0.2 நொடி, சுட்டியால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி, கையை விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் இடையே ஒருமுறை மாற்ற 0.4 நொடி, சுட்டியின் பொத்தானை அழுத்தவோ விடவோ 0.1 நொடி, ஒரு செயலுக்காக மனம் ஆயத்தமாக 1.35 நொடி.

கர்சர் நிற்கும் அதே வரியில், மேற்கோள் குறிக்குள் உள்ள தொடரை நீக்க வேண்டும் என்று கொள்வோம். சுட்டி வழியில் கை போகவேண்டும், தொடக்கத்தைச் சுட்டி அழுத்தவேண்டும், இறுதிவரை இழுத்து விடவேண்டும், கை திரும்பவேண்டும். மொத்தம் 3.2 நொடி. 'விம்' வழியில் சி, ஐ, ஷிப்ட், மேற்கோள் குறி ஆகிய நான்கு விசைகளுக்கு 0.8 நொடி. நான்கில் ஒரு பங்கே! ஆனால் கட்டளையை நினைவுக்குக் கொண்டுவர ஒருமுறை தயங்கினால் 2.15 நொடியாகிறது. இருமுறை தயங்கினால் 3.5 நொடி, சுட்டி வென்றுவிடுகிறது. கர்சர் தொலைவான வரியில் இருந்தால், அங்கே வந்துசேரும் செலவையும் இருவழிக்கும் சேர்த்துக் கொள்ளவேண்டும்.

வழக்கின் தீர்ப்பு இதிலேயே அடங்கியுள்ளது. விசை விரைவுதான்; ஆனால் எண்ணாமலே விரல் செல்லும் அளவுக்குப் பழகியவர்க்கே விரைவு. அரைகுறையாகக் கற்றவர் விரைவதாக எண்ணிக்கொள்கிறார், விரைவதில்லை.

மிஞ்சும் நேரம் எவ்வளவு? இத்தகைய திருத்தத்தை நாளொன்றுக்கு 500 முறை செய்வதாகக் கொண்டால், முறைக்கு 2.4 நொடி வீதம் 20 நிமிடம் மிஞ்சும். நாள் முழுதும் சிந்தித்து உழைக்கும் நிரலருக்கு இது பெருஞ்செல்வம் அன்று. விரல் விரைவால் எவரும் நல்ல நிரலர் ஆகிவிடுவதும் இல்லை. உண்மையான ஊதியம் வேறிடத்தில் உள்ளது. சிக்கலான ஒரு நிரலின் பல இழைகளை மனத்தில் தாங்கியிருப்பவர், ஒரு சொல்லைத் திருத்துவதற்காகக் கருவியைப் பற்றி எண்ண நேர்ந்தால், இழை அறுந்துபோகிறது. அறுந்த இழையை மீண்டும் பிடிக்க ஆகும் காலம் நொடிக் கணக்கில் அடங்காது. கருவி மறைந்து கருத்து மட்டும் எஞ்சுவதே இப்பயிற்சியின் பயன்.

பாதி வழியில் நிற்போர்

இவ்வளவு பயன் இருந்தும் பலர் ஏன் கற்பதில்லை? சோம்பல் ஒன்றே காரணம் எனக் கூறிவிட முடியாது. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மைக்ரோசாப்ட் வேர்ட் மென்பொருளில் அனுபவம் மிக்க 251 பேரிடம் கேட்டபோது, அவர்களுள் பெரும்பாலோர் விசை வழியை நாடாமல் திரைப் படங்களை அழுத்தியே வேலை செய்வது தெரியவந்தது. ஆண்டுகள் பல ஆனாலும் பழக்கம் தானாக உயர்வதில்லை என்பது இதனால் விளங்கும். கேரல், ராசன் என்னும் இருவர் 1987இலேயே இதற்குக் காரணம் கண்டனர். வேலையை முடிப்பதில் முனைப்புடையவர் கற்பதற்காக வேலையை நிறுத்துவதில்லை. ஆகவே நாளை விரைவாக முடிக்கும் வழியை இன்று அறியாமலே போகிறார். மரம் வெட்டுபவர் கோடரியைத் தீட்டாமல் வெட்டிக்கொண்டே இருப்பது போன்றது இது.

கற்கும் முறை

கற்க விரும்புவோர் முதலில் வெளியேறும் வழியைக் கற்கவேண்டும். இது நகைச்சுவை அன்று. 'விம்' கருவியிலிருந்து வெளியேறுவது எப்படி என்னும் கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பத்து இலட்சம் முறைக்குமேல் மக்கள் பார்த்திருந்ததாக 2017இல் அத்தளமே அறிவித்தது. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, 'கியூ', வியப்புக்குறி ஆகியவற்றை அடித்து என்டர் விசையைத் தட்டினால், மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறலாம்.

அடுத்து, 'விம்' கருவியோடு வரும் 'விம் டியூட்டர்' என்னும் பாடத்தை ஒருமுறை செய்து பார்க்கவேண்டும். அரை மணி அளவில் அது முடிந்துவிடும். அதன்பின் கிழமைக்கு இரண்டு மூன்று கட்டளைகளுக்கு மேல் புதிதாக எடுத்துக்கொள்ளலாகாது. நாள்தோறும் மிகுதியாகச் செய்யும் செயல் எதுவோ, அதற்குரிய கட்டளையே முதலில் கற்கத்தக்கது. முதல் சில நாள்களில் வேகம் குறையும், மனந்தளரலாகாது. பயிற்சியால் விளையும் முன்னேற்றம் தொடக்கத்தில் செங்குத்தாகவும், பின்னர் மெதுவாகவும் அமையும் என்பதை நியூவெல், ரோசன்புளூம் ஆகியோர் 1981இல் விளக்கியுள்ளனர். கடினமான நாள்கள் முன்னே. எளிய நாள்கள் பின்னே.

பழகிய எடிட்டரைக் கைவிட வேண்டியதும் இல்லை. வி.எஸ். கோட், ஜெட்பிரெய்ன்ஸ் கருவிகள் போன்றவற்றில் 'விம்' முறையை இணைத்துக்கொள்ள வழியுண்டு. அதுவும் வேண்டாதவர்கள் வி.எஸ். கோடில் நான்கு விசைகளையேனும் பழகலாம். விண்டோசிலும் லினக்சிலும் கண்ட்ரோலோடு 'பி' அழுத்தினால் கோப்பைப் பெயர் சொல்லித் திறக்கலாம். கண்ட்ரோலோடு 'டி' அழுத்த, தேர்ந்த சொல் அடுத்து வரும் இடமும் சேர்ந்து தேர்வாகும். 'எஃப் 12' ஒரு பெயரின் விளக்கம் இருக்கும் இடத்துக்கு இட்டுச்செல்லும். 'எஃப் 2' ஒரு பெயரை அது வழங்கும் இடங்களிலெல்லாம் மாற்றும். எனினும் தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணினிகளைப் பேணுவோர் 'வீ-ஐ' கருவியை ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று. சுட்டிக்கு வேலையில்லாத அவ்விடங்களில் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது அதுவே.

தமிழில் எழுதுவோருக்கு

தமிழில் எழுதுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஏவல் நிலைக்கு வந்தால், 'டி' விசையை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது ஆங்கில எழுத்தன்று, தமிழ் எழுத்து. 'விம்' அதைக் கட்டளையாகக் கொள்ளாது. ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றி மாற்றி வைப்பதோ பெருந்தொல்லை. இதற்கு 'விம்' கருவியிலேயே தீர்வு உண்டு. 'கீமேப்' என்னும் அமைப்பின் வழி, எழுதும் நிலையில் மட்டும் வேற்றுமொழி எழுத்துகள் தோன்றுமாறும், ஏவல் நிலையில் கட்டளைகள் இயல்பாகவே நடைபெறுமாறும் செய்துகொள்ளலாம். ஒரு கருவி தன்னைக் கையாள்வோரின் மொழிக்கு இடங்கொடுக்கிறதா என்பது நிரலர் எவரும் கேட்கத்தக்க கேள்வி.

இன்று நிரலின் முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளே எழுதித் தருகின்றன. இனி இத்தகைய பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வரைவு எவ்வளவு விரைவாகப் பெருகுகிறதோ, அவ்வளவுக்கு அதனைப் படித்து, ஐயுற்று, பிழை களையும் பொறுப்பும் மனிதர் மேல் பெருகுகிறது. எழுதும் வேலை குறைந்தாலும் திருத்தும் வேலை குறையவில்லை. அப்பொறுப்பை ஏற்கும் இளைஞர்கள் நாளொன்றுக்குக் கால்மணி நேரத்தைத் தம் கருவிக்காக ஒதுக்கினால், சில திங்களில் அக்கருவி அவர்கள் கண்ணுக்கு மறைந்து, செய்யும் வேலை மட்டும் முன்னிற்கும்.